இடப்பக்கம் பூட்டும் வால்வு

எங்கள் திணைக்களத்தில் வெளிவேலை கேட்ட பெண்களைப் பார்த்து யாரும் "முடியாது" என்று சொன்னதே கிடையாது. அதற்குப் பதிலாக "வெயில்" என்பார்கள். மழைக் காலமென்றால் "மழை" என்பார்கள். இரண்டும் இல்லாத நாளில், "அங்க கக்கூஸ் கூட இல்லை, பிள்ளை" என்பார்கள். இல்லையென்றால் கட்டினால் போயிற்று, கட்டுவதற்குத்தானே நாலு வருஷம் படித்துவிட்டு வந்திருக்கிறோம் என்று என் நாக்கு நுனிவரை வரும். சேர்ந்த புதிதில் விழுங்கிக்கொண்டேன். பிறகு விழுங்கவில்லை, சொல்லியே விட்டேன். விழுங்கினாலும் சொன்னாலும் என்னை உட்கார்த்திய இடம் மேல்மாடி வரைபட அறைதான்.

நான் படித்தது சிவில் எஞ்சினியரிங். வேலை, நகரத்துக்குக் குடிதண்ணீர் கொடுக்கும் திணைக்களத்தில். எழுபதுகள். பாணுக்குக் கியூ, துணிக்குக் கூப்பன், எங்கள் பக்கத்துக்குத் தண்ணீர் காலையில் கொஞ்சம், பின்னேரம் கொஞ்சம். வீடு கொட்டாஞ்சேனையில், கோயில் மணி சமைக்கிற குசினிக்குள் கேட்கிற தூரத்தில். அப்பா துறைமுகத்தில் கிளார்க். நான் பாஸாகிய அன்று ஒழுங்கை முழுக்க வீடு வீடாகக் கேக் கொடுத்தார். என்ன வேலை என்று கேட்டவர்களுக்குப் பதில் சொல்லத் திண்டாடியது அம்மாதான். தண்ணீர்க் குழாய் என்றதும் பக்கத்து வீட்டு அன்ரி வாய்விட்டுச் சிரித்தாள்: "குழாயடியில சண்டை பிடிக்கவா மகள் இவ்வளவு படிச்சது? நாங்க படிக்காமலே பிடிக்கிறமே!"

எனக்கும் சிரிப்பு வந்தது. அன்றைக்குச் சிரிக்க முடிந்தது.

திணைக்களத்தில் ஒரு விதி இருந்தது. அடுத்த தரத்துக்கு உயர வேண்டுமென்றால் ஒரு முழு வருஷம் ஏதாவதொரு வெளிக்களக் கந்தோருக்கு, ஒரு பகுதியின் அலுவலகத்துக்கு, பொறுப்பாக இருக்க வேண்டும். குழாய் வெடித்தால் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய் ரோட்டைக் கிண்டி, வெட்டி, பொருத்தி, மூட வேண்டும். அந்த வருஷம் முடிந்ததும் பெரிய எஞ்சினியர் கையெழுத்துப் போட்டால் படி ஏறலாம். ஆண்களை இரண்டாம் வருஷமே அனுப்பிவிடுவார்கள். என்னை அனுப்பவில்லை. என்னோடு சேர்ந்தவர்கள் உயர்ந்தார்கள், எனக்குப் பின்னால் சேர்ந்தவர்கள் உயர்ந்தார்கள், நான் வரைபட மேசையில் பென்சில் சீவிக்கொண்டிருந்தேன். ஏழு வருஷம்.

அந்த ஏழு வருஷத்தில் எனக்குக் கொடுத்த பெரிய வேலை, வெள்ளவத்தைப் பக்கத்துப் பழைய வரைபடங்களைப் புதிதாக வரைவது. அவை வெள்ளைக்காரன் காலத்தவை. கஞ்சி ஏற்றிப் பளபளப்பாக்கிய மெல்லிய லினன் துணியில் வரைந்திருப்பார்கள். ஒரு துணியைத் தாளில் வரைந்து முடித்து, பெரிய எஞ்சினியர் கையெழுத்தும் வைத்துவிட்டால், பழைய துணி யாருக்கும் தேவையில்லை. அலுவலக வழக்கப்படி முறை வைத்து வீட்டுக்குக் கொண்டுபோகலாம். ஒரு வாளித் தண்ணீரில் ஊறப்போட்டால் கஞ்சியும் மையும் கழன்று, அருமையான வெள்ளைத் துணி கிடைக்கும். கூப்பனுக்குத் துணி கிடைக்காத காலம். எங்கள் வீட்டுத் தலையணை உறை எல்லாம் ஒருகாலத்தில் கொழும்பின் வீதிகளாக இருந்தவைதான். அப்பா மூக்குத் துடைக்கிற கைலேஞ்சிகளும் அப்படி.

அந்தத் துணிகளில், சில வால்வுகளுக்குப் பக்கத்தில் மட்டும், சிவப்பு மையில் கொளுக்கி போல வளைந்த ஒரு சின்னக் கோடு இருந்தது. வால்வு என்றால் தெரியும்தானே, நிலத்துக்கு அடியில் குழாயைப் பூட்டவும் திறக்கவும் உள்ள அடைப்பு. ரோட்டில் ஒரு சிறிய இரும்பு மூடியைத் தூக்கி, ஆள் உயரச் சாவியைவிட்டுத் திருகுவார்கள். வரைபட அறையில் சரிபார்த்த இடத்துக்கெல்லாம் நாங்களும் சிவப்பில் "சரி" போடுவோம். இதுவும் அதுவாக இருக்கும் என்று எனக்குப் பட்டது. என்றாலும் மனம் ஒப்பவில்லை. ஒருநாள் வெள்ளவத்தைக்குப் போய் வால்வுகளைப் பார்த்துவிட்டு, வால்வுக்காரர்களிடமும் கேட்டுக்கொண்டு வரட்டுமா என்று பெரிய எஞ்சினியரிடம் கேட்டேன். அவர் எங்கள் ஆள்தான், யாழ்ப்பாணத்தவர், என்னைப் பிள்ளை என்றுதான் கூப்பிடுவார்.

"ஆரோ செக் பண்ணின அடையாளமாத்தான் இருக்கும், பிள்ளை. உமக்கேன் இந்த வெயிலுக்குள்ள? விட்டிட்டுக் கீறும், படம் கிளீனா இருக்கும்."

விட்டுவிட்டுத்தான் வரைந்தேன். படம் கிளீனாக இருந்தது. கையெழுத்துப் போடும்போது, "ஆம்பிளையளுக்கு இந்தக் கை வராது" என்று புகழ்ந்தார். எனக்கு உச்சி குளிர்ந்துபோனது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

வெளிக்கள வேலை எனக்குக் கிடைத்தது என் திறமையைக் கண்டல்ல. திணைக்களத்து ஆண் எஞ்சினியர்கள் ஒவ்வொருவராக ஆபிரிக்காவுக்கும் வளைகுடாவுக்கும் பிளேன் ஏறினார்கள். கதிரைகள் காலியாகின. கடைசியில் வெள்ளவத்தைக் கந்தோருக்கு ஆளே இல்லாமல் போனபோது பெரியவர் என்னைக் கூப்பிட்டார்.

"ஒரு வருஷம்," என்றார். "வடிவா யோசிச்சுச் சொல்லும். நீர் ஒரு பிழை விட்டா அது உம்மோட நிக்காது. பொம்பிளையளை அனுப்பினா இப்பிடித்தான் எண்டு மேல சொல்லுவினம். பிறகு ஒருத்தியையும் அனுப்ப என்னால ஏலாது."

அவர் அதை மிரட்டலாகச் சொல்லவில்லை. உள்ளதைத்தான் சொன்னார். எனக்குப் பின்னால் அப்போது ஒருத்தி இருந்தாள். வெள்ளவத்தைப் பிள்ளை, என்னைவிட ஆறு வயது இளையவள், வரைபட அறையில் பக்கத்து மேசை. நான் அந்த வருஷத்தை ஒழுங்காக முடித்தால் அடுத்தது அவளைக் கொட்டாஞ்சேனைக் கந்தோருக்கு அனுப்புவதாகப் பேச்சு. "அக்கா, நீங்க என்ர ஏரியாவுக்கு, நான் உங்கட ஏரியாவுக்கு. மாத்துச் சம்பந்தம் செய்த மாதிரி!" என்று துள்ளினாள்.

முதல் பிரச்சினை பூட்ஸ். களஞ்சியத்தில் இருந்ததெல்லாம் ஆண்களின் அளவு. பேப்பரைக் கசக்கி விரல் பக்கம் அடைத்துக்கொண்டு இரண்டு நாள் நடந்தேன், மூன்றாம் நாள் சேற்றுக்குள் பூட்ஸ் நிற்க, கால் மட்டும் வெளியே வந்தது. ஆட்கள் சிரித்த சிரிப்பு! கோபத்தோடு கொட்டாஞ்சேனைச் சப்பாத்துக்காரரிடம் போய் என் காலுக்கு அளவு கொடுத்துத் தோலில் தைப்பித்தேன். பக்கத்து மேசைப் பிள்ளைக்கும் என் அளவுதான். அவளுக்கென்றும் ஒரு சோடி தைப்பித்து, இது உன் முறைக்கு என்று கொடுத்தேன். அவள் அதை மேசைக்குக் கீழே வைத்து, பகல் சாப்பாட்டு நேரத்தில் போட்டுப் போட்டுப் பார்ப்பாள்.

இரண்டாவது பிரச்சினை அந்தக் கக்கூஸ். உண்மையாகவே இல்லை. காலையில் ஒரு பிளேன்டி குடித்தால் பின்னேரம் கொட்டாஞ்சேனைக்கு பஸ் பிடித்து வரும்வரை ஒரு சொட்டுத் தொண்டையில் விட மாட்டேன். ஊருக்கே தண்ணீர் கொடுக்கிற எஞ்சினியர் நான். உதடு வெடித்துப்போய் நிற்பேன். ஒரு கட்டிட விண்ணப்பம் எழுதி, படமும் கீறி மேலே அனுப்பினேன். நான் அங்கே இருந்த காலம் முழுக்க அது யாருடைய மேசையிலோ கிடந்தது.

ஆட்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெரும்பாலும் சிங்கள ஆட்கள், நல்லவர்கள், முதல் மாதம் கேலி செய்தார்கள், பிறகு பழகிவிட்டார்கள். வால்வுக்காரர் மட்டும் தமிழ் கதைப்பவர், முஸ்லிம். அவர்கள் அண்ணனைக் கூப்பிடுவது போல, நானா என்றுதான் கூப்பிடுவேன். ஐம்பதைத் தாண்டிய மனிதர். மட்டக்குளிப் பக்கத்தில் இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் வால்வு திருகியவர். அங்கே கண்ணைக் கட்டிவிட்டாலும் எந்த மூடிக்குக் கீழே எந்த வால்வு, எத்தனை சுற்று என்று சொல்லுவார். வெள்ளவத்தையின் பழைய வால்வுக்காரர் பென்ஷனில் போன கையோடு இறந்தும் போனதால் இவரை இங்கே மாற்றியிருந்தார்கள். இந்த ஏரியா அவருக்கும் புதிது.

வால்வுக்காரர்களின் வழக்கம், எதையும் எழுதி வைக்காமல் தலைக்குள் வைத்துக்கொள்வது. ஆள் போனால் தலையும் போய்விடும். எனக்கு அது அடியோடு பிடிக்காது. வந்த முதல் கிழமையே சட்டம் போட்டேன்: இனி எல்லாம் படத்தைப் பார்த்துத்தான். ஞாபகமும் வேண்டாம், கைப்பழக்கமும் வேண்டாம். படத்தில் என்ன இருக்கிறதோ அது. நான் கீறிய படம்! அந்த இறுமாப்பு எனக்கு இருந்தது, மறைப்பானேன். நானா தலையை ஆட்டினார். படம் பார்க்க என்னிடமே கற்றுக்கொண்டார். மற்றவர்கள் அவரைப் பார்த்து, "நானா, பரீட்சை எப்ப?" என்று பகிடி பண்ணுவார்கள்.

பத்து மாதம் ஒரு பிழை இல்லை. பதினோராம் மாதம் அது நடந்தது.

காலி வீதி என்ற பெருந்தெருவிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒடுக்கமான ஒழுங்கை ஒன்றில் குழாய் வெடித்திருந்தது. காலைத் தண்ணீர் நின்ற பிறகு போனோம். அந்த நேரத்தில் குழாய் வெறுமையாக இருக்கும். பின்னேரம் நாலு மணிக்கு மேட்டுத் தொட்டியில் திறந்துவிடுவார்கள். வேலை இழுபட்டால் பயமில்லாமல் இருக்க, ஒழுங்கை முகப்பில் இருக்கிற வால்வைப் பூட்டிவிட வேண்டும். நானா மூடியைத் தூக்கி, சாவியை விட்டு, வலப்பக்கம் திருகினார். ஏழெட்டுச் சுற்று ஓடியது. பிறகு இறுகியது. அவர் சாவியை விடாமல் நின்றார்.

"மிஸ், இது எனக்கு சரியா படல்ல. பூட்டினா கைக்கு வேற மாதிரி தெரியும். இது தொறந்து முடிஞ்ச மாதிரி ஈக்கி."

"படத்தில என்ன இருக்கு, நானா?"

"படத்தில மத்தது மாதிரித்தான் ஈக்கி. அடையாளம் ஒண்டும் இல்ல."

"அப்ப வலப்பக்கம் திருகினா பூட்டுத்தானே. படத்தின்ட படி செய்யுங்க. கை சொல்லுறதைக் கேக்கத் தொடங்கினா நாங்க பழையபடி ஆகிடுவம்."

அவர் என்னை ஒரு தடவை பார்த்தார். "சரி மிஸ்" என்று சாவியை எடுத்தார். குழாயில் தண்ணீர் இல்லாத நேரம், காது வைத்துக் கேட்டாலும் ஒரு சத்தமும் வராது. வால்வு பூட்டியிருக்கிறதா திறந்திருக்கிறதா என்று அப்போது சொல்லக்கூடியது அவருடைய கை ஒன்றுதான். அந்தக் கையை நான் வாய் மூடச் சொன்னேன்.

வேலை இழுபட்டது. நாலு மணிக்கு ஒரு இளம் தொழிலாளி ஆறடிப் பள்ளத்துக்குள் குழாயின் வெட்டிய முனைக்கு நேரே குந்தியிருந்தான். முதலில் குழாய்க்குள் காற்று இரைந்தது. மேலே நின்றவன், "வத்துர! வத்துர எனவா!" என்று, தண்ணீர் வருகிறதென்று, சிங்களத்தில் கத்தினான். அவன் கத்தி முடிக்கவில்லை, தண்ணீர் வந்துவிட்டது. முழு வேகத்தில் வந்தது. பள்ளத்தின் ஒரு பக்க மண் அப்படியே சரிந்து அவனை இடுப்புவரை மூடியது. குழாய்த் துண்டு அவன் காலுக்கு மேல். நானா சேற்றில் விழுந்து எழும்பி வால்வுக்கு ஓடினார். சாவியை மற்றப் பக்கம், இடப்பக்கம் திருகினார். பதினெட்டு, இருபது சுற்று. தண்ணீர் நின்றது.

பொடியன் பிழைத்தான். பொரளையில் ஆஸ்பத்திரியில் இரண்டு மாதம் கிடந்தான். இடது கால் அதன் பிறகு நேராக வரவே இல்லை. அவனைப் பார்க்கப் போனபோதெல்லாம் அவன் என்னிடம் மன்னிப்புக் கேட்டான், மிஸ்ஸுக்குக் கரைச்சல் ஆகிவிட்டதாம். அட கடவுளே, என்னிடம்!

அடுத்த நாள் காலையில் நான் வரைபட அறை அலுமாரியைத் திறந்தேன். அந்த ஒழுங்கையின் பழைய துணி இன்னும் அங்கேதான் இருந்தது, யாருடைய முறையும் வரவில்லைப் போலும். விரித்தேன். ஒழுங்கை முகப்பு வால்வுக்குப் பக்கத்தில் சிவப்புக் கொளுக்கி. அதன் வால் இடப்பக்கம் வளைந்திருந்தது. மற்ற இடங்களிலும் அப்படியே, எல்லாம் இடப்பக்கம். வேறொரு கொம்பனியிடம் வாங்கிய பழைய வால்வுகள், மற்றவற்றுக்கு மாறாக இடப்பக்கம் திருகினால் பூட்டுகிறவை. தண்ணீர்ப் பற்றாக்குறைக்காக அதை யாரோ பாதி பூட்டி வைத்திருந்தார்கள். நாங்கள் போய் வலப்பக்கம் திருகி முழுதாகத் திறந்துவிட்டோம். கண் முன்னால் சிவப்பில் எழுதி வைத்திருந்ததை நான் அழுக்கென்று துடைத்துப்போட்டிருக்கிறேன். அறையில் வேறு யாரும் வரவில்லை. நான் துணியைச் சுருட்டி என் கைப்பைக்குள் வைத்தேன்.

விசாரணைக்கு மூன்று பேரைப் போட்டார்கள். தலைவர் பெரிய எஞ்சினியர். நானாவின் வேலை நிறுத்தப்பட்டிருந்தது. வால்வைப் பிழையாகத் திருகினார் என்பது குற்றச்சாட்டு. குற்றம் நிரூபணமானால் வேலை போகும், பென்ஷனும் போகும். அதற்கு அவருக்கு இன்னும் இரண்டே வருஷம்.

நான் சத்தியமாக நம்பினேன், அவர் சொல்லுவார் என்று. நான் மிஸ்ஸுக்குச் சொன்னேன், மிஸ்தான் கேட்கவில்லை என்று அவர் வாய் திறப்பார், அதோடு எல்லாம் தானாக வெளியே வரும், நானாகச் சொல்ல வேண்டியிருக்காது. கோழைத்தனம்தான். முதல் நாள் அவர் சொல்லவில்லை. இரண்டாம் நாளும் சொல்லவில்லை. "தெரியாம நடந்திட்டு ஐயா" என்றார், அவ்வளவுதான். பெரியவர் என்னைப் பார்த்து, "உமக்கு இதில ஒண்டும் இல்லை, பிள்ளை. உம்மட வருஷத்தை நான் காப்பாத்தித் தாறன்" என்றார். அவருடைய கையெழுத்தும் அந்தப் படத்தில் இருக்கிறது என்பதை நான் அப்போது யோசிக்கவில்லை. அவர் யோசித்தாரோ என்னவோ.

வாசலில் நானாவை மறித்தேன். "ஏன் நானா நீங்க சொல்லேல்ல? எனக்குச் சொன்னனீங்கள்தானே?"

அவர் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவினார். "செல்லி என்ன மிஸ்? வால்வுக்காரன் கதைய யார் எடுக்கிற? அவங்க உங்களப் பேசி, எனக்கும் வேலை தரமாட்டாங்க. ரெண்டு பேரும் வீட்ட போற. ஒராள் போனா போதும்தானே."

"உங்கட பென்ஷன்?"

"அல்லா பாத்துக்குவான்" என்றார். பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டார்.

அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்து கைப்பையை மேசையில் வைத்தேன். துணி முனை வெளியே தெரிந்தது. அம்மாவுக்கு ஒரே சந்தோஷம்.

"ஆ, துணி கொண்டந்தீங்களா மகள்? நல்லதாப் போச்சு. உங்கட அப்பாட தலகாணி உறை கிழிஞ்சு தொங்குது. குடுங்க, ஊறப்போடுறன்."

"தண்ணி இல்லையே அம்மா."

"எங்கட பக்கத்துக்கு ஆறு மணிக்கு வரும்தானே. பேசினில வைச்சுக் குழாயைத் திறந்து விடுங்க, வந்ததும் தானா நிரம்பும்."

நான் பேசினுக்குள் வைத்தேன். குழாய்க்குக் கீழே, குழாயைத் திறந்துவிட்டு. வைத்துவிட்டு முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். ஆறு மணிக்குத் தண்ணீர் வரும். அரை மணித்தியாலம் ஊறினால் சிவப்பும் இல்லை, கறுப்பும் இல்லை. அப்பாவுக்கு ஒரு தலையணை உறை. எனக்கு ஒரு மாதத்தில் கையெழுத்து. பக்கத்து மேசைப் பிள்ளைக்குக் கொட்டாஞ்சேனைக் கந்தோர். அவளுடைய மாற்றக் கடிதம் டைப் அடித்து முடிந்திருந்தது, பெரியவரின் மேசையில் இருந்ததை நானே கண்டேன். அவளுக்குப் பின்னால் வருகிறவளுக்கும் அதே கதவு திறந்திருக்கும். இந்தப் பக்கம் இவ்வளவு பேர். அந்தப் பக்கம் நானா ஒருவர். இப்படியெல்லாம் கூட்டிக் கழித்து நியாயம் பேசிக்கொண்டிருந்தேன். அந்த நியாயம் எவ்வளவு அழகாகப் பொருந்தியது என்று நினைத்தால் இன்றைக்கும் என் மேல் எனக்கே எரிச்சல் வருகிறது.

ஆறு மணிக்குக் குழாய் இருமியது. காற்று. அதே இரைச்சல். மண் சரிந்து மூடுவதற்கு முன் பள்ளத்துக்குள் குந்தியிருந்த பொடியனுக்குக் கேட்டதும் இதுதான். நான் பாய்ந்து துணியை இழுத்து எடுத்தேன். அம்மா குசினியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"என்ன மகள், பேயைக் கண்ட மாதிரி?"

"இது கந்தோருக்கு வேணுமாம், அம்மா" என்றேன்.

மறுநாள் விசாரணை அறையில் துணியை விரித்தேன். சிவப்புக் கொளுக்கிகளைக் காட்டினேன். புதிய படத்தைப் பக்கத்தில் வைத்தேன். நானா என்னிடம் சொன்னதையும், நான் கேட்காததையும் சொன்னேன். வெள்ளவத்தைக்குப் போய்ப் பார்க்கட்டுமா என்று கேட்டேன், வெயில் என்று சொன்னார்கள் என்பதையும் சொன்னேன். பெரியவர் பேனை மூடியைக் கழற்றி, மூடி, கழற்றினார். கடைசியாகச் சொன்ன அந்த ஒன்றை மட்டும் அறிக்கையில் எழுதவில்லை. மற்றதெல்லாம் எழுதினார்கள்.

நானாவுக்கு வேலை திரும்பக் கிடைத்தது. என் வருஷம் கணக்கில் எடுக்கப்படாது என்று கடிதம் வந்தது, வரைபட அறைக்குத் திரும்பினேன். அதை நான் எதிர்பார்த்தேன். எதிர்பார்க்காததல்ல அடுத்ததும்: பெண் எஞ்சினியர்களை இனி வெளிக்களப் பொறுப்புக்கு அனுப்புவதில்லை என்று ஒரு சுற்றறிக்கை. அதற்கு முந்தின வருஷம் களனிப் பக்கத்தில் எங்கள் ஆண் எஞ்சினியர் ஒருவர் கட்டிய தொட்டி, தண்ணீர் விட்ட முதல் நாளே வெடித்துக் கசிந்தது. அவரை மேற்படிப்புக்கு வெளிநாடு அனுப்பினார்கள். ஆண்களை இனித் தொட்டி கட்ட விடுவதில்லை என்று சுற்றறிக்கை வந்ததாக எனக்கு நினைவில்லை.

வரைபட அறையில் நான் செய்த முதல் வேலை, வெள்ளவத்தைப் படங்களைத் திரும்ப வரைவது. நானா சனிக்கிழமைகளில் வருவார். துணி தலையணை உறையாகிப்போன இடங்களிலெல்லாம் ஒவ்வொரு வால்வாகப் போய்த் திருகிப் பார்த்து, எது இடப்பக்கம் என்று எனக்கு வந்து சொல்லுவார். நான் சிவப்பில் குறிப்பேன். நாங்கள் இருவரும் வேறொன்றும் கதைப்பதில்லை.

பக்கத்து மேசைப் பிள்ளை என்னோடு ஒரு மாதம் கதைக்கவில்லை. பிறகு வேலையை விட்டாள். தமையன் கனடாவுக்குக் கூப்பிட்டிருந்தான். அங்கே போய் ஒரு கடையில் காசாளராக நின்றாள் என்று பிற்காலத்தில் கேள்விப்பட்டேன். கடைசி நாள் எல்லோருக்கும் கேக் கொடுத்தாள், எனக்கும் ஒரு துண்டு வைத்தாள். எல்லோரும் கீழே இறங்கிய பிறகு திரும்பி வந்து, மேசைக்குக் கீழே குனிந்து, அந்தத் தோல் பூட்ஸை எடுத்தாள். நான் வரைந்துகொண்டிருந்த படத்தின் மேல் வைத்தாள். அடித்தோலில் சப்பாத்துக்காரர் கீறிய அளவுக்கோடு இன்னும் அழியாமல் இருந்தது.

"அக்கா, நீங்க செய்தது சரி," என்றாள். "சரியெண்டு எனக்குத் தெரியும். உங்கட இடத்தில நானெண்டாலும் அதைத்தான் செய்திருப்பன். ஆனா நீங்க குடுத்தது உங்கட வேலையை மட்டும் இல்லை. என்ர வேலையையும் சேத்துக் குடுத்தனீங்கள். என்னட்ட ஒரு வார்த்தை கேக்கேல்ல."

கேட்டிருந்தால் அவள் என்ன சொல்லியிருப்பாள் என்ற பயத்தில்தான் நான் கேட்கவில்லை. அதை அவளிடம் சொல்லவில்லை. "ஓம்" என்றேன்.

அவள் படியிறங்கிப் போனாள். நான் பூட்ஸை எடுத்துத் தரையில் வைத்தேன். அது மறைத்திருந்த இடத்தில், நான் வரைந்துகொண்டிருந்த ஒரு வால்வு பாதியில் நின்றது. சிவப்புப் பேனையை எடுத்து அதன் பக்கத்தில், வால் இடப்பக்கம் வளைய, கொளுக்கி போட்டேன்.